பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய மென்பொருள்

இக்கட்டுரையில் நான் என் கண்ணால் கண்டதையும், கண்டவர் என்னிடம் நேரில் சொன்னதையும் மட்டுமே எழுதுகிறேன். காரணம் எளியது. எங்கள் ஊர் வேலந்தாவளத்தில் ஒரு செய்தி மாட்டுச் சந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கன்று போட்டுவிடும். நான் பணியாற்றிய வீடியோக் கடையைப் பற்றியும் அப்படிப் பல கன்றுகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. கணினிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டிய பிறகே நாங்கள் டிவிடி எழுதினோம் என்பது ஒன்று. அது ஆயுத பூசையன்று மட்டும் உண்மை. மென்பொருள் விற்க வந்தவரை வாயைத் திறக்கச் சொல்லி எங்கள் முதலாளி பல்லைப் பார்த்தார் என்பது இன்னொன்று. அது முழுப் பொய். அவர் பார்த்தது மென்பொருளின் பல்லை.

மென்பொருள்களின் பெயர்களையும் தரமாட்டேன். நான் கண்ட குறை அந்தப் பதிப்பின் குறையா, எங்கள் கணினியின் குறையா என்று இன்று என்னால் நிறுவ இயலாது. நிறுவ இயலாததை எழுதினால் அது அவதூறு.

வட்டு செருகும் வாயே இல்லாத மடிக்கணினிகள் வந்துவிட்ட இந்நாளில், எங்கள் பகுதி வீடியோப் பதிவாளர் சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். "அந்தக் காலத்துல எந்த சாப்ட்வேர் நல்லது, எது பொல்லாததுன்னு எப்படிங்க டீச்சர் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

நான் தமிழில் புலவர் பட்டம் பெற்றவள். ஆசிரியப் பணிக்குக் காத்திருந்த காலத்தில், கிட்டுச்சாமி என்பவர் நடத்திய வீடியோக் கடையில் திருமணப் படங்களுக்குத் தமிழில் தலைப்பு எழுதச் சேர்ந்தேன். காத்திருப்பு முடியவில்லை, பணிக்காலம் முடிந்துவிட்டது. ஒருநாளும் பாடம் நடத்தாமலேயே ஊருக்கெல்லாம் டீச்சரானேன். தலைப்பெழுத வந்தவள் படம் வெட்டக் கற்றது, வெட்டக் கற்றவள் வட்டெழுதக் கற்றது ஆகியவற்றில் பிறருக்குப் பயன்படும் செய்தி எதுவுமில்லை. இறுவட்டு என்று எழுதவே எனக்கு விருப்பம். ஆனால் கடைக்கு வந்த எவரும் அப்படிக் கேட்டதில்லையாதலால் டிவிடி என்றே எழுதுகிறேன்.

டிவிடி வேலை மூவகைப்படும். பழைய வட்டிலுள்ள படத்தைக் கணினிக்குள் எடுப்பது முதலாவது. அப்படத்தைப் பகுதிகளாகப் பிரித்து, முகப்புப் பக்கம் அமைத்து, இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தப் பகுதி வரும் என்று பிணைப்பது இரண்டாவது. அனைத்தையும் புது வட்டில் எழுதுவது மூன்றாவது. கடை வழக்கில் ரிப், மெனு, ரைட். இம்மூன்றையும் செய்யும் மென்பொருள்கள் அக்காலத்தில் ஈசல்போல் வந்தன. எல்லாவற்றுக்கும் சோதனைப் பதிப்பு உண்டு. அவற்றைச் சோதித்துத் தேர்வது என் பொறுப்பாயிற்று. ஆனால் சோதிக்கும் முறையை வகுத்தவர் கிட்டுச்சாமி.

அவர் வீடியோக் கடை வைக்குமுன் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். தொழில் மாறியது; துண்டு மாறவில்லை; முறையும் மாறவில்லை. புதிய மென்பொருளைக் கணினியில் ஏற்றியதும் நாற்காலியில் அமரமாட்டார். திரையைச் சுற்றி ஒருமுறை நடப்பார். பின்பக்கம் குனிந்து பார்ப்பார். பிறகே கேட்பார்: "பல்லு எத்தனைங்க டீச்சர்?"

மென்பொருளின் பதிப்பு எண்ணைத்தான் அவர் அப்படிக் கேட்டார். ஒன்றாம் பதிப்பு பால்பல் விழாத கன்று. அதை ஏரில் பூட்டலாகாது. மிகவும் முதிர்ந்த பதிப்பு கடைவாய் தேய்ந்த கிழம், தீனிதான் தின்னும். இரண்டுக்கும் இடைப்பட்டதே வாங்கத் தக்கது. இதைக் கேட்டு நான் முதலில் சிரித்ததுண்டு. ஆனால் ஒன்றாம் பதிப்பை நம்பி வாங்கிய கடைகள் மூன்றாம் மாதமே திருமண வீட்டாருக்கு விடைசொல்ல முடியாமல் நின்றதை நேரில் கண்டபின் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது ஓட்டிப் பார்த்தல். இதற்கென்றே எங்களிடம் ஒரு வட்டு இருந்தது. சந்தை நாளன்று கிட்டுச்சாமியே எடுத்த மாட்டுச் சந்தைப் படம் அது. புழுதி பறக்கும், வாலும் கொம்பும் ஓயாமல் அசையும், கழுத்து மணி ஒலிக்கும். எந்த மென்பொருளானாலும் முதலில் அவ்வட்டைத்தான் ரிப் செய்யவேண்டும். புழுதி கட்டங்கட்டமாக உடைந்தால் தள்ளுபடி. கழுத்து அசைந்தபின் மணி ஒலித்தாலும் தள்ளுபடி. இவ்விரு தேர்விலும் வென்ற மென்பொருள் திருமணப் படத்தில் ஒருபோதும் தோற்றதில்லை. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதற்கு முன்பே ஓசை வரும் இழிவு எங்கள் கடைக்கு நேர்ந்ததில்லை.

இறுதியாகத் தண்ணீர் காட்டல். எழுதிய வட்டை, சந்திப்பிலிருந்த டீக்கடையின் டிவிடி பெட்டியில் போட்டுப் பார்ப்போம். அப்பெட்டியின் தட்டு தானாக உள்ளே போகாது, கட்டைவிரலால் தள்ளவேண்டும். தள்ளியபின் மூடிமேல் ஒரு கல்லை வைக்கவேண்டும். "இந்தக் கெணத்துத் தண்ணியக் குடிக்கற மாடு எந்தக் கெணத்துலயும் குடிக்குமுங்க" என்பார் கிட்டுச்சாமி. வேகம் கூட்டி எழுதிய வட்டுகள் அப்பெட்டியில் திக்கும். ஆகவே எவ்வளவு அவசரமானாலும் மிகக் குறைந்த வேகத்தில்தான் எழுதவேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம்.

இம்முறைகள் அனைத்தையும் ஒருங்கே உலுக்கிப் பார்த்த வழக்கு ஒன்று உண்டு. இளையவர்கள் கேட்கவேண்டியது அதைத்தான்.

வடகரப்பதியிலிருந்து சரஸ்வதி என்ற பெண் மஞ்சப்பையில் ஒரு டிவிடியைச் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"டீச்சருங்க, இதுக்குள்ள எங்க அண்ணனக் காணமுங்க" என்றாள்.

"எங்கே போனார்?"

"அவரு ஊட்லதானுங்க இருக்கறாரு. இதுல மாமன் சீர்லதான் இல்லீங்க."

விசாரித்ததில் விளங்கியது இது. சரஸ்வதியின் மூத்த குழந்தைக்குக் காதுகுத்து நடந்தபோது வேறொரு கடையார் எடுத்த படம் அது. அக்கடை மூடப்பட்டுப் பல காலமாயிற்று. மூல நாடாவில் வேறு யாருடைய திருமணமோ பதிவாகிவிட்டது. எஞ்சியது இந்த வட்டு ஒன்றே. முகப்பில் நான்கு பொத்தான்கள்: கோயில் பூசை, மாமன் சீர், காதுகுத்து, பந்தி. மாமன் சீரை அழுத்தினால் பந்தி வருகிறது. பந்தியை அழுத்தினாலும் பந்திதான். பந்தியின் முதற்காட்சியில் குழந்தையின் தாய்மாமன், அதாவது சரஸ்வதியின் அண்ணன் தங்கவேலு, இலைக்கு முன் அமர்ந்து, "போளி இன்னொன்னு வெய்யி" என்கிறார்.

"ஒறம்பரை, சொந்தபந்தம் கூடுற நாளெல்லாம் இதப் போட்டு, மாமன் சீர அமுக்கி, எல்லாருஞ் சேந்து 'போளி இன்னொன்னு வெய்யி'ன்னு கத்தறாங்க. அண்ணன் எந்திரிச்சுப் போயிருவாருங்க."

"சீர் கொண்டுவந்தாரா இல்லையா?"

"வந்துச்சுங்க. ஆனா எப்படி வந்துச்சுன்னு நாம் பாக்கலீங்க. கொழந்தைய வெச்சுட்டுக் கோயிலுக்குள்ள உக்காந்திருந்தனுங்க. வண்டிக் காளை வழீல படுத்துருச்சு, சீரை எவனோ ஆட்டோவுல ஏத்தி உட்டான்னு ஊர்ல சொல்றாங்க. 'காளையும் படுத்துச்சு, மாமனும் பந்தீல உக்காந்துட்டான்'னு ஒரே கேலிங்க."

இப்போது சிறிய குழந்தைக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் நாளும் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும். அதற்கு மாற்று இல்லை. தங்கவேலு சொல்லியனுப்பிவிட்டார்: தன் சீர் வந்த படத்தைக் காட்டினால்தான் மடி கொடுப்பார்.

"ஒரே அண்ணனுங்க டீச்சர். வேற மடிக்கு நான் எங்க போவனுங்க" என்றாள் சரஸ்வதி. அதுவரை விளையாட்டாகப் பேசியவள், மஞ்சப்பையை விரித்து வட்டைக் கிட்டுச்சாமியிடம் நீட்டினாள்.

கிட்டுச்சாமி வட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கீறல்கள் நிறைந்திருந்தன. "நல்லா அடி வாங்கியிருக்குதுங்க. இந்தக் கேஸை நாம எடுத்துக்கலாமுங்க டீச்சர்" என்றார்.

அவ்வேளையில் மூன்று மென்பொருள்கள் எங்கள் கொட்டகையில் சோதனைக்குக் கட்டப்பட்டிருந்தன. முதலாவதில் போட்டேன். விரைவில் முடித்துவிட்டது. ஆனால் முகப்பிலிருந்து எங்கெங்கே போகமுடியுமோ அவற்றை மட்டுமே எடுத்திருந்தது: பூசை, காதுகுத்து, பந்தி. "செக்கு மாடுங்க டீச்சர். போட்ட தடத்துலயே சுத்தும்" என்று அவிழ்த்துவிடச் சொன்னார் கிட்டுச்சாமி. இரண்டாவது, கீறலைக் கண்டதும் நின்று, படிக்க இயலவில்லை என்று திரையில் ஒரு பெட்டி போட்டு அறிவித்தது. சரி என்று அழுத்தினால் மீண்டும் அதையே அறிவித்தது. முள்ளுக்கு மிரளும் மாடு.

மூன்றாவது வேறு குணமுடையது. வேலை தொடங்குமுன் வட்டில் உள்ள படப்பகுதிகள் அனைத்தையும் பட்டியலிட்டது. முகப்பில் பொத்தான் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்கவில்லை. பார்த்தால், படப்பகுதிகள் நான்கு. ஒன்றை நோக்கி எந்தப் பொத்தானும் போகவில்லை. வீட்டுக்குள் அறை இருந்து, அதற்குக் கதவு வைக்காமல் விட்டாற்போல.

அந்தப் பகுதியை எடுக்கச் சொன்னேன். கீறலுக்கு வந்ததும் பின்வாங்கி, மறுபடி படித்து, மறுபடி பின்வாங்கி, வட்டுப் பெட்டி முனகியது. நானும் முதலாளியும் சரஸ்வதியும் டீக்கடைக்குப் போய்த் திரும்பினோம். முனகிக்கொண்டேதான் இருந்தது. சரஸ்வதி ஊருக்குப் போய்விட்டு, பிற்பகல் பேருந்தில் வருவதாகச் சொல்லிச் சென்றாள். அவள் போனபின் படம் முழுதாக வந்து சேர்ந்தது. சோதனைப் பதிப்பாதலால், திரையின் நடுவே 'சோதனைக்கு மட்டும்' என்று பெரிய ஆங்கில எழுத்துகள் முத்திரைபோல் விழுந்திருந்தன.

ஓடவிட்டோம். மேளம், சீர்த்தட்டுகள் நிறைந்த ஒற்றைக் காளை வண்டி, பட்டுத்துண்டோடு தங்கவேலு. வாய்க்கால் பாலத்தின்மேல் மேளம் ஓங்கியது. காளை படுத்துவிட்டது. தங்கவேலு அதன் காதருகே குனிந்து, "ராசா, எந்திரிடா கண்ணு, ஊரே பாக்குது" என்று கெஞ்சுவது தெளிவாகக் கேட்டது. காளை அசைபோட்டது.

"டீச்சர், அந்த எடத்துல நிறுத்துங்க" என்றார் கிட்டுச்சாமி. திரைக்கு மிக அருகில் போய்க் காளையின் நெற்றியிலிருந்த மயிர்ச்சுழியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்தார். அவர் நாற்காலியில் அமர்ந்து நான் கண்டது அன்றுதான்.

"இந்தச் சுழி எனக்குத் தெரியுமுங்க" என்றார். "நான் புடிச்சுக் குடுத்த காளைங்க."

"ஓட்டிப் பார்க்கவில்லையா, முதலாளி?"

"பாத்தனுங்க. ஏர்ல ஓட்டிப் பாத்தேன், பாரத்துல ஓட்டிப் பாத்தேன். மேளத்துக்கு முன்னால ஓட்டிப் பாக்கலீங்க."

அத்தோடு மென்பொருளிலும் குறை காணத் தொடங்கினார். "இந்த சாப்ட்வேர் நமக்கு வேண்டாமுங்க டீச்சர். இதுக்கும் சுழி செரியில்ல."

"எந்தச் சுழி?"

'காத்திருக்கவும்' என்பதற்கு அடையாளமாகத் திரையில் சுழலும் சிறு வட்டத்தைக் காட்டினார். "அதா, நடு நெத்தியில சுத்துதுங்களே. இது குடியக் கெடுக்கற சுழிங்க."

"எல்லா மென்பொருளுக்கும் அது உண்டு, முதலாளி. மிச்சப் படத்தையும் பார்த்துவிடுவோம்" என்றேன்.

மிச்சத்தைப் பார்த்தோம். தங்கவேலு பட்டுத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலைமேல் வைத்தார். இருப்பதிலேயே பெரிய தட்டைத் தூக்கி அதன்மேல் ஏற்றினார். கோயிலை நோக்கி நடந்தார். சீர் மேளமில்லாமல் போகக்கூடாது என்று யாரோ சொல்ல, மேளக்காரர்கள் அவருக்கு முன்னே ஓடினார்கள். அவர் தட்டை வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குத் திரும்பினார், மேளமும் திரும்பியது. மீண்டும் தட்டு, மீண்டும் மேளம். கோயிலுக்கும் பாலத்துக்குமாக மாமனும் மேளமும் நடந்து நடந்து, தவில்காரர் ஒருமுறை வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தேவிட்டார். வேட்டியெல்லாம் சேறு. உதவ வந்தவரைத் தங்கவேலு தட்டைத் தொட விடவில்லை. கடைசித் தட்டு கிளம்பியபோது காளை தானாக எழுந்து, வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு, ஊர்வலத்தைத் தானே நடத்தி வருவதுபோல் கோயில் வாசலுக்கு வந்து நின்றது. யாரோ அதற்கு மாலை போட்டார்கள்.

பிற்பகல் சரஸ்வதி வந்தாள். தனியே வரவில்லை; தங்கவேலுவையும் இழுத்து வந்திருந்தாள். கிட்டுச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். நான் படத்தை ஓடவிட்டேன்.

காளை படுத்த இடத்தில் சரஸ்வதி சிரித்தாள். முதல் தட்டு போனபோது சிரிப்பு நின்றது. மூன்றாவது தட்டின்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஏனுங்ணா, இத நீங்க எங்கிட்டச் சொல்லவேயில்லையே" என்றாள்.

"சொன்னா நம்பவா போறீங்க. ஊரே ஆட்டோவுல வந்துச்சுங்குது" என்றார் தங்கவேலு. பிறகு திரையைச் சுட்டிக் கேட்டார்: "ஏனுங் டீச்சர், என்ற மூஞ்சி மேல என்னமோ எழுதியிருக்குதே, என்னுங்க அது?"

"சோதனைக்கு மட்டும் என்று பொருள்."

அவர் கிட்டுச்சாமியின் பக்கம் திரும்பினார். "கிட்டுச்சாமியண்ணா, நீங்க குடுத்த காளை மேலதானுங்களே அத எழுதியிருக்கோணும்?"

"முழு வெர்சனே வாங்கிப் போட்டுத் தர்றனுங்க" என்றார் கிட்டுச்சாமி, தரையைப் பார்த்து. "ஒரே ஒரு ஒதவி. காளையோட நெத்திய மட்டும் மறச்சுரலாமுங்களா டீச்சர்?"

அவ்வகை மென்பொருளுக்கு அது இயலாத வேலை என்று சொன்னேன். அது உண்மை. இயன்றிருந்தாலும் செய்திருக்கமாட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

தங்கவேலுவும் ஒப்பவில்லை. "ஒண்ணையும் மறைக்க வேண்டாமுங்க. காளை படுத்தாத்தானுங்க நான் சொமந்தது தெரியும்" என்றார்.

அந்த மூன்றாவது மென்பொருளின் விற்பனையாளர் கோயம்புத்தூரிலிருந்து பேருந்தில் வந்தார். கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர். கிட்டுச்சாமி அவரை எதிரே நிறுத்தி, தன் துண்டை இருவர் கைமேலும் போட்டு மூடினார். சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேசப்படும்.

"சார், என்ன பண்றீங்க?" என்றார் இளைஞர்.

"வெலை பேசறனுங் தம்பி. புடிங்க."

இளைஞர் துண்டுக்குள்ளேயே மரியாதையாகக் கைகுலுக்கினார். கிட்டுச்சாமியின் முகம் முதலில் வெளிறி, பிறகு மலர்ந்தது. முழுக்கையைப் பிடித்தால் ஒரு பொருள், பிடித்து ஆட்டினால் வேறொரு பொருள் என்று பின்னர் எனக்கு விளக்கினார். பேசி முடித்த விலை என்ன என்பதில் இருவரும் வெவ்வேறு கருத்தோடு டீ குடித்தார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

முத்திரை இல்லாமல் மறுபடி எடுத்தேன். முகப்பைப் புதிதாக அமைத்தேன். மாமன் சீர்ப் பொத்தானுக்குத் தங்கவேலு தட்டோடு நடக்கும் காட்சியையே படமாக வைத்து, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, போய், திரும்பி வந்து சரிபார்த்தேன். மிகக் குறைந்த வேகத்தில் எழுதினேன். வட்டை டீக்கடைக்குக் கொண்டுபோனோம். சந்தை நாள், கூட்டம் மிகுதி. தட்டைக் கட்டைவிரலால் தள்ளி, கல்லை வைத்து, மாமன் சீரை அழுத்தினார் கிட்டுச்சாமி.

காளை படுத்தது. கடை சிரித்தது. தங்கவேலு முதல் தட்டைத் தூக்கினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. இரண்டாம் தட்டுக்கு அவர் திரும்பியபோது, பின்பெஞ்சில் இருந்த ஒருவர், "அட, சொமந்துதானப்பா வந்திருக்கான்" என்றார். ஆட்டோக் கதையை மிகவும் பரப்பியவர் அவர்தான் என்று டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். காளை எழுந்து வந்தபோது எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இம்முறை தங்கவேலுவும் சிரித்தார். அவருக்கு ஒருவர் வடை வாங்கிக் கொடுத்தார். கிட்டுச்சாமிக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

இவ்வழக்கால் எங்கள் சோதனை முறையில் ஒரு விதி கூடியது. இளையவர்கள் குறித்துக்கொள்ளத் தக்கது இதுவே. ஏரில் ஓட்டிப் பார்த்தால் போதாது. மேளத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கவேண்டும். கடையில் அமைதியாக இருக்கும்போது எந்த மென்பொருளும் நன்றாகவே நடக்கும். முகூர்த்த மாதத்தில், கீறல் விழுந்த வட்டோடு, வாடிக்கையாளர் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கும்போது எது படுக்காமல் நிற்கிறதோ, அதையே வாங்கவேண்டும். அதன்பின் நாங்கள் சோதித்த ஒவ்வொன்றையும் அவ்வாறே சோதித்தோம்.

காதுகுத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சரஸ்வதி கோயிலுக்குள் அமரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஏன் என்று கேட்டேன்.

"இந்தவாட்டி நேர்லயே பாத்தர்றனுங்க டீச்சர். பொறவு படத்துல தேடீட்டு அலைய முடியாதுங்க" என்றாள்.

சீர் சரக்கு வண்டியில் வந்தது. தங்கவேலு வண்டியை வாய்க்கால் பாலத்திலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினார். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். முதல் தட்டோடு அவர் வாசலுக்கு வந்தபோது சரஸ்வதி தன் கையாலேயே தட்டை இறக்கி வாங்கினாள். பிறகு அவர் அமர்ந்து மடியை விரித்தார். குழந்தை அழுதது, அவர் அதைவிட அதிகம் அழுதார்.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வட்டில் மாமன் சீர்ப் பொத்தானைப் பந்தியோடு பிணைத்தது கைப்பிழையா, எவரேனும் கேட்டுக்கொண்டதா என்பது தெரியாது. அந்தக் கடைக்காரரை எவ்வளவு தேடியும் காண முடியவில்லை. அவரைத் தெரியுமா என்று கிட்டுச்சாமியிடம் ஒருமுறை கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய இயலாது. காளை ஏன் படுத்தது, ஏன் எழுந்தது என்பவையும் தெரியாது.